மறு: ஹேர் செட்டிங், ஃபிங்கர் வேவ், பின் கர்ல் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த மூன்று கூந்தல் ஒப்பனைச் சொற்களுக்கு முந்தைய பதிவில் முன்வைக்கப்பட்டவை இவை:

> செட்டிங் = நிலைநிறுத்தம், ஃபிங்கர் வேவ் = விரல் அலை, பின் கர்ல் = ஊசிச் சுருட்டை

முதல் சொல்லான 'நிலைநிறுத்தம்' என்பதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. செட்டிங் என்றால் ஈரத்தாலோ சூட்டாலோ முடியைத் தற்காலிகமாக ஒரு வடிவத்தில் நிற்க வைப்பது. 1930, 40களின் ஹாலிவுட் நடிகைகளுக்கு இருந்த அந்த அலைக்கூந்தல் நிலையானதே அல்ல, ஒருமுறை தலைக்குக் குளித்தால் போய்விடும். ஈரம் பட்டதும் முடியின் புரதமான கெரட்டினில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடுகின்றன, முடி எந்த வளைவில் உலர்கிறதோ அந்த வளைவிலேயே மறுபடி பிணைகின்றன, அவ்வளவுதான். இன்னும் வலுவான டைசல்பைடு பிணைப்பையே வேதிப்பொருளால் உடைத்துச் சேர்க்கும் பெர்மிங்குக்கு வேண்டுமானால் 'நிலைநிறுத்தம்' பொருந்தும்.

ஈரத்தலையில் இறுக்கமாகச் சடை பின்னிக்கொண்டு படுத்தால், காலையில் அவிழ்க்கும்போது முடி நெளிநெளியாக இருக்கும். அதை நம் வீடுகளில் 'வளைவு பிடிச்சிருக்கு' என்போம். செட்டிங்கும் இதேதான். அதனால் உருப்பிடிப்பு என்று முன்வைக்கிறேன். நீரால் செய்தால் ஈர உருப்பிடிப்பு, சூடான கருவியால் செய்தால் சூட்டு உருப்பிடிப்பு. 'படியவைத்தல்' எனக்கும் முதலில் தோன்றியது, ஆனால் 'படிய வாருதல்' என்றால் தட்டையாக வாருவது என்று ஏற்கெனவே பொருள் இருக்கிறதே.

அடுத்தது ஃபிங்கர் வேவ். 'விரல் அலை' தவறில்லை. ஆனால் செய்முறையை ஒருமுறை கண்முன் கொண்டுவாருங்கள்: கூழ் தடவிய ஈரமுடியைச் சீப்பால் ஒரு பக்கம் தள்ளி, எழும் மேட்டை இரண்டு விரல்களுக்கு நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே உள்ள முடியை எதிர்ப்பக்கம் சீவ வேண்டும், மறுபடி மேடு, மறுபடி எதிர்ப்பக்கம். முடிந்ததும் தலையோடு ஒட்டிய வரிவரியான கருமை. கோடையில் ஆற்றில் கணுக்கால் அளவுத் தண்ணீருக்கு அடியில் கருமணல் இப்படித்தான் வரிவரியாகக் கிடக்கும். அதற்கு அறல் என்று பெயர், சங்கப் புலவர்கள் கூந்தலுக்கு உவமை சொன்னதும் அதையே. இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது அலையை ஏன் தேட வேண்டும்? விரலறல் என்போம். 1870களில் பாரிசில் மார்செல் கிராட்டோ என்ற சிகையலங்காரர் சூடான இடுக்கியால் செய்தது சூட்டறல். நடுவில் எழும் மேடு, வரப்பு. 'அறல் யாருக்குத் தெரியும்' என்று கேட்பவர்களுக்கு: பொருளைக் காட்டிச் சொன்னால் ஒரே நாளில் மனதில் நின்றுவிடும், அழகுக்கலை வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பின் கர்லுக்கு, அதாவது ஈரமுடியைச் சுருட்டி ஊசி குத்தி உலரவிடுவதற்கு, ஊசிச்சுருள். சுருட்டை என்பது பிறவியில் வரும் முடியின் இயல்பு, சுருள் என்பது நாம் சுருட்டி உண்டாக்குவது. இந்த வேறுபாட்டை விடக்கூடாது. ஐம்பால் என்று கூந்தல் ஒப்பனையை ஐந்தாகப் பிரித்தவர்கள் சுருள், குழல் இரண்டையும் தனித்தனியாகவே வைத்தார்கள். அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்: ஜிலேபி போலத் தலையோடு தட்டையாகப் படுப்பது படுசுருள், சுருட்டிய பாய் போல எழும்பி நிற்பது குழற்சுருள். சுருளின் உறுப்புகளுக்கு அடி (தலையோடு ஒட்டிய இடம்), காம்பு (அடிக்கும் வட்டத்துக்கும் நடுவில் உள்ளது), வட்டம் (சுருட்டிய பகுதி). காம்பு நீளமானால் சுருள் தளர்ந்து ஆடும், காம்பே இல்லாவிட்டால் இறுகி நிற்கும், ஆகவே 'நெடுங்காம்பு', 'காம்பிலி' என்று சொன்னாலே செய்கிறவருக்குப் புரிந்துவிடும். அப்புறம், நுனியை வட்டத்துக்குள் ஒழுங்காக வைக்காவிட்டால் அது மடங்கித் தூண்டில் முள் மாதிரி உலர்ந்துவிடும், இதற்கு 'முள்நுனி'.

ஒரு வரிசை வலஞ்சுழியாகவும் அடுத்த வரிசை இடஞ்சுழியாகவும் ஊசிச்சுருள் வைத்து, முழுக்க உலர்ந்தபின் பிரஷ்ஷால் வாரினால் அலை விழும். இதற்கு 'மாறுசுழி அறல்' என்று யோசித்திருக்கிறேன், கொஞ்சம் நீளம்தான். சுருக்கமாக யாருக்காவது தோன்றுகிறதா? வளைவு பிடிக்க முடியில் தடவும் செட்டிங் லோஷனுக்கும் இன்னும் சரியாக எதுவும் அமையவில்லை. ஆளிவிதையைக் கொதிக்க வைத்து வடிகட்டும் வழுவழுப்பான கூழும் அதில் அடங்க வேண்டும். 'பிடிப்புக்கூழ்' என்றால் தண்ணீராக இருக்கும் வகைகளுக்குப் பொருந்தாது.