தென்னை ஏறிய பழக்கம் மழைமரத்துக்குப் போதுமா? ஹார்னஸைச் சொந்தமாக வாங்க வேண்டுமா?

பொன்னமராவதிக்காரன்:

வணக்கம். சிங்கப்பூரில் நிலவனப்பு வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகத் தரைவேலை பார்க்கிறேன். வெட்டி இறக்கிய கிளைகளை இழுத்துப் போடுவது, மரத்தூளாக்கும் இயந்திரத்தில் திணிப்பது, சாலையோரம் கூம்புகள் வைத்து நடந்து வருபவர்களைத் திருப்பிவிடுவது ஆகியவைதாம் இதுவரை என் வேலை. சென்ற மாதம் எங்கள் குழுவில் மரமேறிக்கொண்டிருந்த அண்ணன் ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் என் தகப்பனாருடன் தென்னை ஏறியவன் என்பது மேற்பார்வையாளருக்குத் தெரியும் என்பதால், "தென்னை ஏறியவனுக்கு இதெல்லாம் ஒரு மரமா?" என்று சிரித்துக்கொண்டே, அந்த அண்ணன் விட்டுச்சென்ற ஹார்னஸையும் (உயரத்தில் வேலை செய்பவர்கள் உடலில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டை) கயிற்றையும் என் கையில் கொடுத்துவிட்டார்.

ஹார்னஸ் தோள், மார்பு, தொடை என்று உடல் முழுவதையும் சுற்றிக் கட்டுவது. கயிறு மாட்டும் வளையம் முதுகில் இருக்கிறது. தாழ்ந்த கிளை ஒன்றில் மாட்டிக்கொண்டு தொங்கிப் பார்த்தேன். தொடை வலித்தது, தலை முன்னால் கவிழ்ந்தது, கையை வேலைக்குக் கொண்டுவரவே முடியவில்லை. கயிறு எந்த ஆண்டு வாங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. சீட்டு தேய்ந்து எழுத்து அழிந்துவிட்டது. சம்பளத்திலிருந்து சில நூறு வெள்ளி போட்டு நானே புதிதாக வாங்கிக்கொள்வது நல்லதா, அல்லது இதையே பழகிக்கொள்ள வேண்டுமா என்று அனுபவசாலிகள் சொன்னால் உதவியாக இருக்கும். வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிட்டு வா என்பார்கள்.

மழைமரம்:

தம்பி, பதினான்கு ஆண்டுகளாக மரமேறுகிறேன். நானும் தென்னை ஏறிய கைதான், ஆகவே உங்கள் மேற்பார்வையாளர் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தென்னையில் காலில் தளை போட்டு, உடல் எடையைப் பாதத்திலும் கையிலும் தாங்கி, நேராக ஏறி, ஏறிய வழியிலேயே இறங்குகிறோம். மழைமரம் (ஊரில் நாம் தூங்குமூஞ்சி மரம் என்போமே, அதேதான்) குடைபோல் விரிவது. அதன் உயரத்தைவிட அகலமே அதிகம். அடிமரத்தில் உங்களுக்கு வேலையே இருக்காது. காய்ந்த கிளை இருப்பது பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, சாலைக்கு மேலே. அங்கே நடந்து போவதற்கும் திரும்பி வருவதற்கும் தலைக்கு மேலே மாட்டியிருக்கும் கயிறு ஒன்றுதான் துணை. தென்னை ஏறியவர்கள் பயம் வந்தால் மரத்தைக் கட்டிப்பிடிப்பார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் போக ஓராண்டு ஆயிற்று. இங்கே பயம் வந்தால் பின்னால் சாய்ந்து கயிற்றில் உட்கார வேண்டும்.

உங்களிடம் கொடுத்திருப்பது தூக்கி வண்டியின் கூடையில் நிற்பவர்களுக்கான ஹார்னஸ். தவறி விழுந்தால் பிடித்து நிறுத்துவதற்கு மட்டுமே அது. அதில் தொங்கிக்கொண்டு வேலை செய்ய முடியாது. அசையாமல் அப்படித் தொங்கினால் தொடைப் பட்டை அழுத்திக் காலுக்குப் போன இரத்தம் திரும்பாது, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். மரமேறுபவர்களுக்கு உட்காரும் வகை ஹார்னஸ் தனியாக இருக்கிறது: இடுப்பும் தொடையும் எடையைத் தாங்கும், கயிறு மாட்டும் இடம் தொப்புளுக்கு நேரே முன்பக்கம் இருக்கும், பக்கவாட்டில் சாய்ந்தால் அந்த இணைப்பும் கூடவே நகர்ந்து கொடுக்கும்.

கயிற்றைப் பற்றி: அது யாரிடம் இருந்தது, எங்கே கிடந்தது என்று தெரியாத கயிற்றை நான் ஏறுவதற்குப் பயன்படுத்த மாட்டேன். லாரிப் பெட்டியில் பழைய பேட்டரிக்குப் பக்கத்தில் கிடந்திருந்தால், அமிலம் பட்டு நைலான் உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. இருந்தாலும் சோதிக்கும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கயிற்றை விரல்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டே ஒவ்வோர் அடிக்கும் வளைத்துப் பாருங்கள். நல்ல கயிறு எங்கே வளைத்தாலும் ஒரே அளவான வட்டமாக வளையும். ஓரிடத்தில் மட்டும் கீல் போல மடங்கினாலோ, தட்டையாக அமுங்கினாலோ, உள்நூல் போய்விட்டது என்று பொருள். மேலுறை கண்ணாடிபோல் பளபளத்து விறைத்திருந்தால், வேகமாக இறங்கியபோது உராய்வுச் சூட்டில் உருகியிருக்கிறது.

ஏறுவதற்கு முன் அடிமரத்தை மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டி, உள்ளே பொந்துபோல் ஒலிக்கிறதா என்று கேளுங்கள். வேர்க்கழுத்தில் (அடிமரம் வேரோடு சேரும் இடத்தில்) தட்டுத் தட்டாகப் பூஞ்சைக் காளான் தெரிந்தால் ஏறாதீர்கள், தூக்கி வண்டியைக் கேளுங்கள். கவைகளில் பறவைக்கூடு பெரணி செழிப்பாக இருந்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதற்குள்ளே ஈரம் தங்கிக் கவை உளுத்திருக்கலாம், கதண்டு கூடு கட்டியிருக்கலாம். நான் எப்போதும் ஒரு தொலைநோக்கியை வைத்துக்கொண்டு தரையிலிருந்து ஐந்து நிமிடம் பார்த்த பிறகே ஏறுவேன். முசுறு எறும்புக்கு மருந்து கிடையாது, சட்டைக் கையை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

மேலே போய் ரம்பத்தைத் தொடுவதற்கு முன்பு, ஏறுகயிறு ஒன்று, இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றும் கயிறு இன்னொன்று என இரண்டு பிடிமானம் கட்டாயம். ஓடுகிற செயின் தொட்டால் பதின்மூன்று மில்லிமீட்டர் கயிறு கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும். உயிரோடு நிற்கப்போகும் மரத்தில் முள்காலணி போட்டு ஏறச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒவ்வொரு குத்தும் அழுகல் உள்ளே நுழையும் வழி. அடியோடு வெட்டிச் சாய்க்கும் மரத்துக்கு மட்டும் அது சரி.

பாதுகாப்புப் பணியாளர்:

நான் இதே துறையில் வேலையிடப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். சொந்தப் பணம் போட வேண்டாம் என்பதே என் கருத்து. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்புக்காக முதலாளி கொடுக்க வேண்டிய எதற்கும் ஊழியரிடமிருந்து பணம் வாங்கவோ சம்பளத்தில் பிடிக்கவோ கூடாது. உயரத்தில் வேலை செய்வது தொடர்பான 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு அனுமதிச் சீட்டு தேவை. ஏறுபவருக்கும் அவரை மேற்பார்வையிடுபவருக்கும் அதற்கான பயிற்சி இருக்க வேண்டும். ஊரில் தென்னை ஏறியது பயிற்சிச் சான்றிதழ் ஆகாது.

உங்கள் மேற்பார்வையாளரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஹார்னஸைப் பற்றியதே அல்ல என்பேன். "நான் மேலே மயங்கித் தொங்கினால் என்னை யார் இறக்குவார்கள்?" என்று கேளுங்கள். தரையில் இருப்பவர்களில் இன்னொருவருக்கு ஏறத் தெரிந்திருக்க வேண்டும், அவருக்கென்று இரண்டாவது ஹார்னஸும் கயிறும் லாரியில் இருக்க வேண்டும். குடிமைத் தற்காப்புப் படை வரும்வரை காத்திருப்பதை மீட்புத் திட்டம் என்று சொல்ல முடியாது. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் புது ஹார்னஸ் கொடுத்தாலும் ஏறாதீர்கள்.

வெயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, ஈரக்குமிழ் உருண்டை வெப்பநிலை (வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு) 32 டிகிரி செல்சியஸை எட்டினால் வெளியில் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடமும், 33ஐ எட்டினால் 15 நிமிடமும் ஓய்வு கொடுக்க வேண்டும். இறங்கி ஏறுவதில் நேரம் போகிறது என்று கிளையிலேயே உட்கார்ந்து ஓய்வெடுக்கச் சொல்லும் மேற்பார்வையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். ஹார்னஸில் தொங்கிக்கொண்டிருப்பது ஓய்வு ஆகாது.

ஜூரோங் வாசி:

மேலே ஐயா சொன்ன சட்டம் சரிதான். ஆனால் செலவு விஷயத்தில் நான் உடன்படவில்லை. நிறுவனம் வாங்கிக் கொடுக்கும் ஹார்னஸ் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே அளவாக வரும். ஒரு நாளில் ஐந்து மணி நேரம் அதில் உட்கார்ந்திருப்பவனுக்கு, இடுப்புப் பட்டை இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தால் சாயங்காலம் தொடை மரத்துப்போகும். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு என் அளவுக்கு நானே ஒன்று வாங்கினேன், இன்றுவரை வருத்தமில்லை. நிறுவனத்தையே வாங்க வைக்க முடிந்தால் நல்லது. அப்போதும் கடைக்கு நேரில் போய்த் தொங்கிப் பார்த்து வாங்குங்கள், பெயரை எழுதித் தனியாகப் பூட்டி வையுங்கள், தயாரித்த தேதியைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்சல் போன்ற தயாரிப்பாளர்கள் துணி, நைலான் சாமான்களுக்குப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அதிகபட்சம் 10 ஆண்டுதான் ஆயுள் தருகிறார்கள்.

ஏறத் தொடங்குவதற்கு முன் தரையிலேயே கற்றுக்கொள்ள வேண்டியது செயின் தீட்டுவது. மேலே கொண்டுபோகும் சிறிய ரம்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு 4 மில்லிமீட்டர் வட்ட அரம், 30 டிகிரி சாய்வு. நன்றாகத் தீட்டிய செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மாவுபோல் தூள் வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய ரம்பத்தை நாம் அழுத்துவோம், அழுத்தும்போது அதன் மூக்கு எகிறி முகத்துக்கு வரும் ஆபத்து அதிகம்.

இன்னொன்று, அதிகாலையில் சுமத்ரா காற்று (சுமத்ரா தீவுப் பக்கமிருந்து மழையோடு வரும் பலத்த காற்று) அடித்து ஓய்ந்த பிறகு அவசர அழைப்பு வரும். முறிந்து பாதி தொங்கும் கிளையில் வில்லில் நாண் ஏற்றியதுபோல் விசை நிற்கும். எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல் ரம்பம் வைத்தால் கிளை நம்மை அடிக்கும். முதல் ஆண்டு அந்த வேலைக்கு ஏற மறுத்துவிடுங்கள். பொறுமையாக மூன்று ஆண்டு அனுபவம் சேர்த்தால் சான்றிதழ் பெற்ற மரவியலாளர் தேர்வை எழுதலாம். அதன்பிறகு சுத்தியலும் குறிப்பேடுமாக நடந்து மரங்களைச் சோதிக்கும் வேலைக்கு மாற வழி இருக்கிறது.

பொன்னமராவதிக்காரன்:

அனைவருக்கும் நன்றி. மழைமரம் அண்ணன் சொன்னபடி நேற்று மாலை தங்குவிடுதி வாசலில் உட்கார்ந்து கயிற்றை முழுவதும் வளைத்துப் பார்த்தேன். நாற்பத்தைந்து மீட்டரில் ஏறக்குறைய எல்லா இடமும் நன்றாகவே வளைந்தது. ஒரு முனையிலிருந்து ஏறக்குறைய ஆறு மீட்டர் தள்ளி, கட்டைவிரல் நீளத்துக்கு ஓரிடம் மட்டும் காகிதம் மடிவதுபோல் மடிந்தது. அங்கே அழுத்தினால் உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. இன்று காலை அதை மேற்பார்வையாளர் கையிலேயே கொடுத்து வளைக்கச் சொன்னேன். அவர் இரண்டு முறை வளைத்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, லாரியிலிருந்து அரிவாளை எடுத்துக் கயிற்றை அந்த இடத்திலேயே வெட்டினார். மீதியைக் கிளைக்கட்டு கட்டுவதற்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருப்பதாகவும், அதுவரை தரைவேலையையே பார்க்கும்படியும் சொல்லியிருக்கிறார். என்னை யார் இறக்குவார்கள் என்று கேட்டதற்கு, நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.