குதிரைப் படமும் பழிக்குப் பழியும்: எங்க குடும்ப குரூப்ல ஒரு ராத்திரி

கார்த்தி: மாமா, நீங்க சொன்ன 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' பாத்து முடிச்சாச்சு

கார்த்தி: ஆரம்பத்துல மூணு பேர் ஸ்டேஷன்ல சும்மா உக்காந்திருக்கானுங்க. ஒருத்தன் மூஞ்சில ஈ. இன்னொருத்தன் தலைல சொட்டு சொட்டா தண்ணி. டிவி ஹேங் ஆயிருச்சோன்னு ரிமோட்ட தட்டிப் பாத்தேன்

பாலு: அந்த ஈயைத் துப்பாக்கிக் குழாய்க்குள்ள புடிச்சு அடைச்சுட்டு, அது உள்ள கத்தறத கேட்டு ரசிக்கிறான் பாரு, அதுதாண்டா டைரக்டர் லியோனி

பாலு: அவ்வளவு நேரம் யாரும் பேசாததாலதான் அடுத்து வர்ற ரெண்டு வரி நிக்குது. ஒரு குதிரை குறையுதேன்னு அவனுங்க இளிக்கிறானுங்க. ரெண்டு அதிகம்னு ஹீரோவா வர்ற பிரான்சன் தலையாட்டறான்

கார்த்தி: அந்த இடம் செம. விசில் அடிச்சேன், பக்கத்து ரூம்காரன் எந்திரிச்சுட்டான்

சுமதி: கேஸ் புக் பண்ணீங்களா இல்லையா

பாலு: பண்ணிட்டேன்

திவ்யா: மாமா, அந்தச் சின்னப் பையன சுடற சீன் எனக்குத் தாங்கல. இசை வருது, கேமரா மெதுவா சுத்தி வந்து அந்தாளு மூஞ்சியக் காட்டுது. சிரிச்சுக்கிட்டே சுடறான்

பாலு: 1968ல தியேட்டர்ல பாத்தவனுக்கு அந்த மூஞ்சிதான் அதிர்ச்சியே. ஹென்றி ஃபோன்டா அதுவரைக்கும் யோக்கியனுக்கு மறுபேரு. 1939ல ஆபிரகாம் லிங்கனா நடிச்சவரு

பாலு: வில்லன் வேஷம்னு கண்ணு நிறத்த மாத்தற லென்ஸும் மீசையும் வச்சுக்கிட்டு வந்தாராம். லியோனி ரெண்டையும் கழட்டச் சொல்லிட்டாரு. அந்த நீலக் கண்ணு அப்படியே வேணும்னு

ரவி: இதத்தானே ஷோலேல சுட்டானுங்க. தாகூர் குடும்பத்த கப்பர் சிங் முடிக்கிற சீன். கடைசியா ஒரு பொடிப்பய நிப்பான்

பாலு: அதேதான். ஷோலேல முதல்ல எடுத்த முடிவுல தாகூரே கப்பர மிதிச்சுக் கொல்றாரு. எமர்ஜென்சி நேரம், சென்சார்ல ஒத்துக்கல. அதான் ஓடுன படத்துல கடைசி நிமிஷம் போலீஸ் வந்து தடுக்குது

ரவி: அது வேறயா. போலீஸ் வர்றப்போ எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்துச்சுண்ணே

கார்த்தி: ஆனா கிளைமாக்ஸ் ஏ ஒன் மாமா. படம் பூரா "நீ யாரு"ன்னு வில்லன் ஃபிராங்க் கேக்கறான், ஹீரோ செத்தவன் பேரா சொல்லிக்கிட்டு வர்றான். கடைசிலதான் ஃபிளாஷ்பேக். அண்ணன் கழுத்துல சுருக்கு, தம்பி தோள் மேல அவன் நிக்கிறான். தம்பி சாஞ்சா அண்ணன் காலி. அந்த நேரத்துல ஃபிராங்க் வந்து தம்பி வாயில மவுத் ஆர்கன சொருகறான்

கார்த்தி: கடைசில இவன் அதே மவுத் ஆர்கன எடுத்து சாகக் கிடக்கிற ஃபிராங்க் வாயில சொருகறான் பாருங்க. பழி வாங்குனா இப்படி வாங்கணும். எதுக்குச் சாகறோம்னு அவனுக்குத் தெரிஞ்சுதான் சாகணும்

பாலு: ஒத்துக்கறேன். மோரிக்கோனி இசைய முன்னாடியே போட்டு வாங்கி, அத ஓட விட்டுத்தான் அந்தப் படத்துல நடிக்க வச்சாங்க. ஆனா ஒண்ணு. அவன் தேடுன ஆளு சரியான ஆளு. அது எழுதறவனுக்குச் சுலபம்

கார்த்தி: தப்பான ஆளா இருந்தா அப்புறம் என்ன ஹீரோ

பாலு: அதுக்குத்தான் 'தி பிரவாடோஸ்' பாருங்கறேன். 1958, கிரிகரி பெக். பொண்டாட்டியக் கொன்னுட்டானுங்க. நாலு பேர்தான் செஞ்சதுன்னு நம்பிட்டான். வேற கொலை வழக்குல அந்த நாலு பேரையும் ஒரு ஊர்ல தூக்குல போடப் போறானுங்க. அதப் பாக்கறதுக்குன்னே குதிரை ஏறி வர்றான். அதுக்குள்ள நாலும் ஜெயில்ல இருந்து தப்பிச்சிருது

செல்வி: சொல்லுண்ணே, படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். தோசை மாவு ஆட்டிக்கிட்டே

பாலு: பாக்கெட் வாட்ச் மூடிக்குள்ள பொண்டாட்டி போட்டோ. ஒவ்வொருத்தனையா மடக்கி அதக் காட்டறான். "இவளத் தெரியுதா?" தெரியவே தெரியாதுங்கறானுங்க. ஒருத்தன் அழுது கெஞ்சறான். பொய் சொல்றான்னு நெனச்சுக் கொன்னுடறான். இப்படியே மூணு பேர்

பாலு: நாலாவது ஆளு மெக்சிகோ எல்லை தாண்டி வீட்டுக்கே போயிட்டான். அங்க அவனுக்குப் பொண்டாட்டி, குழந்தை. இவன் துப்பாக்கிய நீட்டறான், அவன் பொண்டாட்டி பின்னாடி வந்து மண்டைல ஒண்ணு போட்டு சாச்சுடறா

ரவி: மதினி மாதிரி

சுமதி: ரவி 😡

பாலு: முழிச்சுப் பாத்தா அந்த வீட்டுல இவனோட பணப்பை இருக்கு. எங்கேருந்து வந்துச்சு? வழியில ஒருத்தன்கிட்ட இருந்து புடுங்குனதுங்கறான். அந்த ஒருத்தன் யாருன்னா, இவனோட பக்கத்து நிலத்துக்காரன். கொன்னதும் அவன், திருடுனதும் அவன், "நாலு பேர் இந்தப் பக்கம் போனானுங்க"ன்னு கை காட்டி விட்டதும் அவன்

செல்வி: அடப்பாவி

கார்த்தி: அப்ப அந்த மூணு பேர்? ஆனா மாமா, எப்படியும் தூக்குல தொங்க வேண்டியவனுங்கதானே. ஊருக்கு நட்டம் என்ன

பாலு: அதத்தான் ஊரும் சொல்லுது. இவன் திரும்பி வர்றப்போ கூட்டம் கூடிக் கொண்டாடுது. இவன் நேரா சர்ச்சுக்குள்ள போயிட்டான்

சுமதி: கார்த்தி, சட்டம் தூக்குல போட்டா அது அவனுங்க செஞ்ச கொலைக்கு. இவன் கொன்னது செய்யாத கொலைக்கு. திட்டு வாங்கியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஊரே கும்பிட்டா எங்க போய்ச் சொல்லுவான்

பாலு: நீ எப்பப் பாத்த?

சுமதி: நீங்க ஹால்ல போட்டா அடுப்படிக்குக் கேக்காதா

திவ்யா: எனக்கு ஒரு கோவம் இருக்கு. எல்லாப் படத்துலயும் பொண்டாட்டி, தங்கச்சி, அண்ணின்னு யாராச்சும் முதல்லயே செத்துடறாங்க. ஹீரோவுக்கு வேலை குடுக்கறதுக்காகவே சாகறாங்க

பாலு: நியாயம்தான். 'ட்ரூ கிரிட்' மட்டும் விதிவிலக்கு. 14 வயசுப் பொண்ணு, அப்பாவக் கொன்னவனப் புடிக்க ஆளு வச்சு, தானும் கூடவே கெளம்பறா. டெக்சாஸ்காரன் வேற வழக்குக்காக அதே ஆளத் தேடறான். அதெல்லாம் முடியாது, எங்க அப்பாவக் கொன்னதுக்காகத்தான் தொங்கணும்ங்கறா. 1969ல வந்துச்சு, ஜான் வெயினுக்கு ஆஸ்கர் வாங்கிக் குடுத்த படம்

திவ்யா: 'அன்ஃபர்கிவன்'லயும் பொண்ணுங்கதானே காசு போடறாங்க

பாலு: ஆமா, 1000 டாலர். விபச்சார விடுதிப் பொண்ணுங்க. கூட இருக்கறவ மூஞ்சியக் கத்தியால கீறிட்டானுங்க. ஷெரிஃப் என்னடான்னா குதிரைய அபராதமா கட்டச் சொல்றான், அதுவும் கடை முதலாளிக்கு! பொருளுக்கு சேதாரம் ஆன கணக்கு

பாலு: அதுல ஒரு இடம் இருக்கு. கீறுனவன்கூட வந்த சின்னப் பய, கீறுனது அவன் இல்ல, அவன்கிட்ட இருக்கறதுலயே நல்ல குதிரைய அந்தப் பொண்ணுக்குன்னு தனியா கொண்டு வர்றான். மத்தவளுங்க சேத்த வாரி அடிச்சுத் துரத்தறாளுங்க. கடைசில முதல்ல செத்துப் போறது அந்தப் பயதான். குண்டு வாங்கிட்டு தண்ணி தண்ணின்னு கத்தறான். அவனுக்குத் தண்ணி குடுங்கடா, சுட மாட்டோம்னு சுட்டவனே கத்தறான்

செல்வி: கேக்கவே கஷ்டமா இருக்கு

ரவி: 'தி சர்ச்சர்ஸ்' விட்டுட்டியேண்ணே

பாலு: அது 1956. கூடப் பிறந்தவன் குடும்பத்தக் கொமான்சிங்கற செவ்விந்தியக் கூட்டத்துக்காரங்க கொன்னுட்டு, சின்னப் பொண்ணு டெபியத் தூக்கிட்டுப் போயிடறாங்க. ஜான் வெயின் வருஷக்கணக்குல தேடறான். போகப் போகத்தான் புரியுது, காப்பாத்த இல்ல. அவங்களோட வாழ்ந்துட்டாங்கறதுக்காக அவளையே கொல்லத் தேடறான். வெறுப்பு அவ்வளவு. செத்த கொமான்சி கண்ணுலயும் சுடறான், ஆவி வழி தெரியாம அலையட்டும்னு

ரவி: கடைசில அவளத் தொரத்திப் புடிச்சு ரெண்டு கையாலயும் மேல தூக்குவான். கொன்னுடுவான்னுதான் நெனச்சேன். ஆரம்பத்துல குழந்தையா இருந்தப்போ தூக்குன அதே மாதிரி

பாலு: உண்மையிலயும் ஒரு பொண்ணு இருந்தா. சிந்தியா ஆன் பார்க்கர். 1836ல டெக்சாஸ்ல தூக்கிட்டுப் போனாங்க. பெரியப்பா தேடித் தேடி அலைஞ்சாரு, கெடைக்கல. 1860ல "மீட்டு" கொண்டு வர்றப்போ அவளுக்குக் கொமான்சிப் புருஷன், புள்ளைங்க. திரும்பத் தப்பிச்சுப் போகப் பாத்துக்கிட்டே இருந்தா. மகன் குவானா கொமான்சிகளுக்குப் பெரிய தலைவன் ஆனான். 1910ல அம்மா உடம்பத் தோண்டி எடுத்து ஓக்லஹோமாவுக்குக் கொண்டு வந்து பொதச்சான். அடுத்த வருஷம் அவனையும் பக்கத்துலயே பொதச்சாங்க

செல்வி: அப்ப அவளக் கடத்துனது யாரு, மீட்டது யாருண்ணே. 24 வருஷம் இருந்த வீட்ட விட்டு இழுத்துட்டு வந்திருக்கானுங்க

பாலு: படம் அந்தக் கேள்விய கேக்கவே இல்ல. கொமான்சித் தலைவனா நடிச்சவரே ஜெர்மனில பொறந்த ஆளு. அந்தக் காலத்துப் படங்கள்ல எனக்கு உறுத்தறது இதுதான், எவ்வளவு ரசிச்சாலும்

கார்த்தி: சரி, நான் லியோனி கட்சிதான். ஈ, தண்ணி, மவுத் ஆர்கன். ஹீரோ வந்தான், சரியான ஆளச் சுட்டான், போனான்

சுமதி: ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் இங்க வாங்க. பிரவாடோஸ் போடச் சொல்றேன். சாப்பாடு நான், செல்வி வடை

திவ்யா: ட்ரூ கிரிட் அத்தை ப்ளீஸ்

சுமதி: ரெண்டும் போடலாம். உங்க மாமா நடுவுல நிறுத்தி நிறுத்தி விளக்கம் குடுக்காம இருந்தா

ரவி: அதுக்கு ரிமோட்ட மதினி கையில குடுக்கணும்

பாலு: கீழ்வீட்டுக்காரரும் கேப்பாரு, சேத்து சமைச்சிரு