மழைக்காலத்தில் கக்கூஸ் தண்ணீர் இறங்கவில்லை: லாரிக்காரர் ஏமாற்றினாரா?

சவுக்குத்தோப்பு:
வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சவுக்குத்தோப்புதான். சுனாமிக்கு அப்புறம் கட்டிய வீடு. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் ஊற்றும் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது, கொல்லையில் அழுகிய முட்டை நாற்றம். போன கார்த்திகையில் செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிட்டேன். 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு உறிஞ்சினார். மறுநாள் காலையில் பழையபடி நிறைந்து கிடந்தது. போதாததற்கு அந்த லாரி நேராக ஆற்றோரம் போனதையும் பார்த்தேன். இப்போது ஊரில், இப்படி லாரிகள் உறிஞ்சும் கக்கூஸ் கசடைக் கொட்டிச் சுத்தம் செய்யும் கசடு சுத்திகரிப்பு நிலையம் வரப்போகிறதாம். நாறும், வேண்டாம் என்று தெருவில் கையெழுத்து வாங்குகிறார்கள். போடலாமா?

கரணை:
அடியில் காங்கிரீட் போட்டிருக்கிறதா, வெறும் சிமெண்ட் உறை இறக்கினார்களா? அதைப் பாருங்கள் முதலில். எங்கள் பக்கம் பாதி வீட்டில் செப்டிக் டேங்க் என்று சொல்வது அடியில்லாத உறைதான். நானே இறக்கியிருக்கிறேன், மறைப்பானேன்.

பழைய ஆபரேட்டர்:
கொத்தனார் கரணை சரியாகப் பிடித்துவிட்டார். தம்பி, லாரிக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. மழையில் நிலத்தடி நீர் உறையின் வாய்வரை ஏறிவிடும். அவர் உறிஞ்சியது ஊர்த் தண்ணீரை. கோடையில் உங்கள் கழிவு மணலில் இறங்குகிறது, மழையில் மணல் திருப்பி அனுப்புகிறது. பக்கத்தில் அடிபம்பு இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

அந்த முட்டை நாற்றத்துக்கும் கடலுக்கும் சம்பந்தம் உண்டு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட், அதாவது கந்தகம் சேர்ந்த உப்பு. உப்புநீர் கலந்த இடத்தில், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவாக மாற்றிவிடும். கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்று இறங்கியவர்கள் திரும்பியதில்லை. யாரையும் உள்ளே இறக்காதீர்கள், மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படியும் குற்றம். 14420க்குப் போன் செய்தால் கழிவு உறிஞ்சும் வண்டி வரும்.

சுத்தம் செய்வதை வைகாசி, ஆனியில் வைத்துக்கொள்ளுங்கள். அடி பூசிய டேங்க்காக இருந்தாலும் மழையில் முழுக்கக் காலி செய்யக் கூடாது, படகு மாதிரி மேலே தூக்கிவிடும். புதிதாகக் கட்டினால் தரையைவிட உயர்த்தி, கசியாத டேங்க் கட்டி, வெளியேறும் நீரை மேடான ஜல்லிப் படுகையில் விடுங்கள். செலவு கூடத்தான்.

நிலையத்துக்கு வருவோம். நான் அப்படி ஒரு நிலையத்தில் சில வருஷம் வேலை பார்த்தவன். லாரி கக்கும்போது நாறும், பொய் சொல்ல மாட்டேன். கம்பி வலையில் மாட்டுவது நாப்கின், பான்பராக் உறை, ஒருமுறை ஒரு குழந்தையின் கொலுசு. அப்புறம் கசடு மணல் படுகையில் ஒரு சாண் உயரத்துக்குப் பரவும். நல்ல வெயிலில் இரண்டு வாரத்துக்குள் குளத்து வண்டல் போல வெடித்துவிடும், மண்வெட்டியால் கட்டியாக வாரலாம். அடியில் வடியும் நீர் கல்வாழை நட்ட ஜல்லித் தொட்டிக்குப் போகும். கல்வாழை அங்கே ஆளுயரம் வளரும். தமிழ்நாட்டில் முதலில் இதைச் செய்தது மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழி, 2017இல். சின்னப் பேரூராட்சிதான்.

கையெழுத்துக்குப் பதில் கேள்வி கேளுங்கள். படுகைக்குக் கூரை உண்டா? இல்லையென்றால் ஐப்பசியில் எல்லாம் கூழாகிவிடும். வெள்ளம் ஏறாத மேட்டில் கட்டுகிறார்களா? எந்த லாரி எத்தனை நடை கொட்டியது என்று பதிவார்களா? கடைசிக் கேள்வியை விடாதீர்கள். பதிவில்லாவிட்டால் டீசலை மிச்சம் பிடிக்க லாரி ஆற்றோரமே போகும்.

சவுக்குத்தோப்பு:
மூடியை நகர்த்தி, மேலே நின்றபடியே நீள மூங்கிலை விட்டுப் பார்த்தேன். அடியே தட்டவில்லை, மணலில் புதைந்துகொண்டே போனது. கரணை அண்ணே, உங்களை மாதிரி ஆள்தான் எங்களுக்கும் இறக்கியிருக்கிறார்!

கையெழுத்துக்கு வந்தவரிடம், "உங்கள் வீட்டு லாரி எங்கே கொட்டுகிறது?" என்று கேட்டேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.