புழு நெய்ததா, துப்பியதா?

கணினிப்பித்தன்: அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மீடியா லேபில் வடிவமைப்பாளர் நெரி ஆக்ஸ்மனின் குழு 2013-இல் தற்காலிகமாகத் தொங்கவிட்ட பட்டு மண்டபம். கணினி சொல்படி இயங்கும் சி.என்.சி. இயந்திரம் 26 பலகோணச் சட்டங்களில் இழை ஓட்டியது. மீதியை 6,500 பட்டுப்புழுக்கள் நெய்து முடித்தன. தறியின் காலம் முடிந்தது!

தறிக்காரன்: நெய்தனவா? நீளவாட்டு இழையான பாவு எங்கே, குறுக்கே ஓடும் ஊடை எங்கே? மூன்று தலைமுறையாகத் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்த குடும்பம் எங்களுடையது. புழு நூல் துப்பும், நெய்யாது.

கணினிப்பித்தன்: ஐயா, ஒரு சொல்லுக்கு இவ்வளவா? எங்கே இழையை நெருக்குவது, எங்கே கலைப்பது என்பதைக் கணினிதான் முடிவு செய்தது. அதைப் பாருங்கள்.

தறிக்காரன்: பார்த்தேன். அதிலும் நெசவு இல்லை.

மல்பெரி: நாங்கள் புழு வளர்க்கிறவர்கள். சந்திரிகையில், அதாவது கூடு கட்ட விடும் மூங்கில் தட்டில், விட்டால் பிடிமானம் கிடைத்துக் கூடு கட்டும். தட்டையான இடத்தில் விட்டால் விரிப்பாகத் துப்பிவிட்டுப் போகும். அவர்கள் அந்தக் குணத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அப்புறம், அது இருட்டான, இழை நெருங்கிய பக்கமாகவும் நகரும்.

தறிக்காரன்: "துப்பி"! புழு வளர்க்கிறவரே சொல்லிவிட்டார்.

மல்பெரி: என்னை ஏன் உங்கள் கட்சியில் சேர்க்கிறீர்கள்? நாங்கள் பட்டுக்கூட்டுக்கு விலை கேட்டு வந்தபோது உங்கள் ஆட்கள் யாரும் பேசவில்லையே.

கேள்விநாயகி: புழுவை வெந்நீரில் போடாமல் பட்டு எடுத்திருக்கிறார்கள். அத்தனையும் பூச்சியாகிப் பறந்திருக்கும். அதைப் பற்றி ஒருவருக்கும் பேச்சில்லை.

மல்பெரி: பட்டுப்பூச்சி பறக்காது அம்மா.

கேள்விநாயகி: நான் உங்களுக்கு அம்மா இல்லை.

கணினிப்பித்தன்: பறக்காவிட்டால் என்ன? அத்தனையும் சேர்ந்து 15 லட்சம் முட்டை இடலாம், இன்னும் 250 மண்டபத்துக்கு ஆகும் என்று அந்தக் குழுவே கணக்குச் சொன்னது.

தறிக்காரன்: 250 மண்டபம் கட்டட்டும். ஒரு முழம் துணி தேறாது.

கணினிப்பித்தன்: போன மாதம் பனிச் சிற்பத்தைப் பற்றிப் பேசியபோதும் "செதுக்கியது" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள். மறக்கவில்லை.

தறிக்காரன்: அங்கேயும் நான் சொன்னதுதான் சரி. உருகினதை யார் செதுக்கினது?

கணினிப்பித்தன்: சரி, "பின்னியது" என்று போடட்டுமா?

தறிக்காரன்: பின்னுவது கூடை.

கணினிப்பித்தன்: அப்படியானால் "நெய்தது" என்றே இருக்கும். மாற்ற மாட்டேன்.

தறிக்காரன்: பாவு எங்கே?