கலைச்சொல் பரிந்துரை: ‘தான்மீள் பாதை’

அனைவருக்கும் வணக்கம்.

நிலவுக்கு மனிதர்கள் சென்ற வரலாற்றைப் பள்ளி மாணவர்களுக்காக எழுதிக்கொண்டிருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், ‘ஃப்ரீ ரிட்டர்ன் டிரஜெக்டரி’ (நிலவுக்குப் போகும் கலம் எஞ்சினைப் பெரிதாக இயக்காமலே பூமிக்குத் திரும்பிவிடும் பாதை) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கினார். இலவசத் திரும்பல் பாதை, கட்டற்ற மீள்பாதை, தானியங்கி மீள்பாதை, எட்டு வடிவப் பாதை, வளரிப் பாதை, ஈர்ப்பு மீள்பாதை ஆகியவை இதுவரை வந்திருக்கின்றன. என் பரிந்துரை ‘தான்மீள் பாதை’. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பொருள். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த அப்பல்லோ கலத்தை, சாட்டர்ன் 5 ராக்கெட்டின் மூன்றாம் கட்டம் ஏறத்தாழ 6 நிமிடம் எரிந்து நொடிக்கு 10.8 கிலோமீட்டர் என்ற வேகத்துக்குக் கொண்டுபோனது. பிறகு எஞ்சின் நின்றுவிடும். கலம் பூமியின் இழுப்பால் வேகம் குறைந்துகொண்டே நிலவை நெருங்கும். நிலவு தன் பாதையில் நகரும் திசையில் அதற்குச் சற்று முன்னே குறுக்கிட்டு மறுபக்கமாகச் சுற்றி வரும்படி குறி வைத்துவிட்டால், நிலவின் ஈர்ப்பு கலத்தின் பாதையை வளைத்துப் பூமியை நோக்கியே அனுப்பிவிடும். திரும்பாமல் நிலவின் சுற்றுப்பாதையிலேயே தங்க விரும்பினால்தான் எஞ்சினை இயக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். எஞ்சின் இயங்க மறுத்தாலோ, வீரர்களே இயக்க வேண்டாம் என்று முடிவு செய்தாலோ, கலம் வீடு திரும்பும்.

1968 டிசம்பரில் அப்பல்லோ 8 புறப்பட்டபோது இது எவ்வளவு பெரிய காப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஃபிராங்க் போர்மன், ஜிம் லோவெல், வில்லியம் ஆண்டர்ஸ் ஆகிய மூவரோடும் இறங்குகலம் செல்லவில்லை. அது அப்போது தயாராகவில்லை. பாதையைப் பெரிதாக மாற்ற அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு முதன்மை எஞ்சின். டிசம்பர் 24 அன்று நிலவின் மறுபக்கத்தில், பூமியோடு எந்தத் தொடர்பும் இல்லாத இடத்தில், அந்த எஞ்சினை ஏறத்தாழ 4 நிமிடம் இயக்கி நிலவின் சுற்றுப்பாதைக்குள் போனார்கள். அந்த நொடிவரை பூமிக்குத் திரும்பும் வழி அவர்களுக்குத் திறந்தே இருந்தது. அதற்குப் பிறகு அதே எஞ்சின் மறுபடி இயங்கினால்தான் திரும்ப முடியும். இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் நமக்கு ஒரு சொல் வேண்டும்.

இனி மற்றப் பரிந்துரைகள். ‘இலவசம்’ விலை பற்றிய சொல். இங்கே அதற்கு வேலையே இல்லை. ‘கட்டற்ற’ என்பதைக் கட்டற்ற மென்பொருள் என்ற வழக்கிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அங்கே அது மிகப் பொருத்தம். ஆனால் இந்தக் கலம் எதிலிருந்தும் விடுபட்டு ஓடவில்லை. பூமி, நிலவு என்ற இரண்டு ஈர்ப்புகளுக்கும் முழுமையாகக் கட்டுப்பட்டிருப்பதால்தான் திரும்புகிறது. ‘கட்டற்ற’ என்றால் மாணவர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார். ‘தானியங்கி’ என்றவுடன் மனத்தில் ஓர் இயந்திரம் வந்து நிற்கிறது. இங்கே செய்தியே இயந்திரம் எதுவும் இயங்கத் தேவையில்லை என்பதுதான்.

‘எட்டு வடிவப் பாதை’ படத்தைப் பார்த்துச் செய்த சொல். அந்த எட்டு, பூமியையும் நிலவையும் இணைக்கும் கோட்டை அசையாமல் நிறுத்தி வரைந்தால்தான் தெரியும். நிலவும் நகர்கிறது என்று வைத்து வரைந்தால் வடிவம் வேறாகிவிடும். ஒரு வரைபட முறைக்குள் மட்டும் உண்மையாக இருப்பதைப் பெயராக வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

‘வளரிப் பாதை’யைப் பரிந்துரைத்தவரின் மனம் எனக்குப் புரிகிறது. வளரி நம் மண்ணின் எறிகருவி, வளைந்த தடி. கேட்டவுடன் திரும்பி வருவது நினைவுக்கு வருகிறது. ஆனால் எல்லா வளரியும் எறிந்தவர் கைக்குத் திரும்புவதில்லை. கனமான வளரி இலக்கைத் தாக்கி வீழ்த்தவே செய்யப்பட்டது. திரும்பி வரும் வளைதடியும் காற்றின் உதவியால்தான் திரும்புகிறது. காற்றே இல்லாத வெளியில் நடப்பதற்கு அதைப் பெயராக்கினால், பாடம் நடத்தும் ஆசிரியர் முதல் வகுப்பிலேயே பெயரைத் திருத்த வேண்டியிருக்கும்.

‘ஈர்ப்பு மீள்பாதை’தான் இவற்றில் வலுவானது. அதை எளிதில் ஒதுக்க முடியவில்லை. எனினும் நிலவிலிருந்து திரும்பிய கலங்கள் எல்லாமே வழியின் பெரும்பகுதியை ஈர்ப்பால்தான் கடந்தன. நிலவைச் சுற்றிவிட்டு எஞ்சினை இயக்கிப் புறப்பட்ட அப்பல்லோ 8-ம் அப்படித்தான். ஆகவே ‘ஈர்ப்பு’ என்ற அடைமொழி இந்தப் பாதையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது, எஞ்சினைப் பெரிதாக இயக்காமலே திரும்ப முடியும் என்பது. ஈர்ப்பை வரையறையில் சொல்லிக்கொள்ளலாம்.

‘தான்மீள்’ என்பதற்கு முன்மாதிரி ‘தான்தோன்றி’. யாரும் நிறுவாமல் தானே தோன்றிய லிங்கத்தை அப்படி அழைக்கிறோம். ‘தன்மீள்’ என்று ஏன் வைக்கக் கூடாது என்று கேட்கலாம். ‘தன்’ வேற்றுமை ஏற்கும் வடிவம். தன்னை மீட்பது, தன்னிடம் மீள்வது என்றெல்லாம் பொருள் சிதறும். ‘தான்’ எழுவாயாக நிற்கிறது; மீள்வது யார் என்ற ஐயம் இல்லை. ‘தன்மீட்சி’ இன்னும் சிக்கல், ஏனென்றால் இயற்பியலில் மீட்சி என்பது இழுத்து விட்ட பொருள் பழைய வடிவுக்கு வரும் பண்புக்கு நிலைத்துவிட்டது.

மீள்வது கலம், பாதை அல்லவே என்ற கேள்வி வரும். வினைத்தொகை அதற்கு இடம் தருகிறது. ‘குடிநீர்’ என்றால் நீரா குடிக்கிறது? வினைத்தொகையில் காலம் மறைந்து நிற்பதும் இங்கே பெரிய வசதி. மீண்ட, மீள்கிற, மீளும் என்று மூன்றுக்கும் இடமுண்டு. அப்பல்லோ 8, 10, 11 ஆகியவை இந்தப் பாதையில்தான் நிலவுக்குப் போயின. ஆனால் எதுவும் இதன் வழியே திரும்பவில்லை, மூன்றும் நிலவின் சுற்றுப்பாதைக்குள் போய்விட்டன. நடக்காமலே கைவசம் இருந்த ஒரு வாய்ப்பைக் குறிக்கக் காலம் காட்டாத சொல்தான் பொருந்தும்.

சொல்லைச் சோதிக்க அப்பல்லோ 13-ஐ எடுத்துக்கொள்கிறேன். தான்மீள் பாதையில் மட்டுமே போனால் நிலவின் நடுக்கோட்டை ஒட்டிய குறுகிய பகுதியில்தான், அதுவும் சில சூரிய ஒளிக் கோணங்களில்தான், இறங்க முடியும். அதனால் 1969 நவம்பரில் அப்பல்லோ 12 வழியிலேயே அந்தப் பாதையை விட்டு விலகியது. 1970 ஏப்ரல் 11 அன்று புறப்பட்ட அப்பல்லோ 13-ம் ஃபிரா மௌரோ மேட்டுப்பகுதியில் இறங்குவதற்காக, புறப்பட்டதிலிருந்து 31-வது மணியில் எஞ்சினைச் சில நொடிகள் இயக்கி விலகியது. ஏறத்தாழ 56-வது மணியில், பூமியிலிருந்து 3 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. அப்படியே விட்டிருந்தால் கலம் நிலவைச் சுற்றி வந்து, பூமியின் காற்றுமண்டலத்தைத் தொடாமலே கடந்து போயிருக்கும். முதன்மை எஞ்சின் சேதமடைந்திருக்கலாம் என்ற அச்சத்தால் அதைத் தொடவில்லை. 61 மணி 30 நிமிட அளவில் இறங்குகலத்தின் எஞ்சினை ஏறத்தாழ 34 நொடி இயக்கினார்கள். கலம் தான்மீள் பாதைக்குத் திரும்பியது.

இந்தக் கடைசி வாக்கியத்தை ‘தானே திரும்பும் பாதைக்குத் திரும்பியது’ என்று எழுதிப் பாருங்கள். ‘மீள்’ ஏன் வேண்டும் என்பது விளங்கும்.

34 நொடியில் கிடைத்த பாதை அவர்களை இந்தியப் பெருங்கடலில் சேர்த்திருக்கும். நிலவைக் கடந்து 2 மணி நேரத்துக்குப் பின் இன்னொரு முறை, இம்முறை 4 நிமிடத்துக்கும் மேல், அதே எஞ்சினை இயக்கிப் பயண நேரத்தில் ஏறத்தாழ 10 மணியைக் குறைத்தார்கள்; இறங்குமிடமும் பசிபிக் பெருங்கடலுக்கு மாறியது. ஏப்ரல் 17 அன்று லோவெல், ஜாக் ஸ்விகர்ட், ஃபிரெட் ஹேஸ் மூவரும் உயிரோடு கடலில் இறங்கினார்கள். இந்தக் கதையைத் தமிழில் படிக்கும் ஒரு மாணவிக்கு அந்த 34 நொடியின் எடை தெரிய வேண்டும். ஒலிபெயர்ப்பே போதும் என்று எழுதிய நண்பருக்கும் இதையே சொல்வேன். ராக்கெட், எஞ்சின் எல்லாம் நம்முடையவை ஆகிவிட்டன, அவை இருக்கட்டும். ‘ஃப்ரீ ரிட்டர்ன்’ என்று தமிழ் எழுத்தில் எழுதினால் அவளுக்கு அது எதையும் சொல்லாது.

எஞ்சினே வேண்டாம் என்பது முழு உண்மையா என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. காற்றுமண்டலத்தில் நுழையும் கோணம் மிகக் குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். சிறு திருத்தங்கள் தேவைப்படும். அப்பல்லோ 13 திரும்பும் வழியில் இரண்டு முறை திருத்தினார்கள். ஆகவே வரையறையில் ‘பெரிய உந்துதல் இன்றி’ என்று எழுதுவோம்: “நிலவின் ஈர்ப்பால் வளைந்து, பெரிய உந்துதல் இன்றியே விண்கலம் பூமிக்கு மீளும்படி வகுக்கப்பட்ட பாதை.” மனிதர்கள் இல்லாத பயணங்களுக்கும் இது பொருந்தும். 1968 செப்டம்பரில் சோவியத்தின் ஆளில்லா விண்கலம் சோண்ட் 5 ஆமைகளை ஏற்றிக்கொண்டு நிலவைச் சுற்றித் திரும்பியதும் இந்த வகைதான். மனிதர்களுக்கான நாசாவின் ஆர்ட்டெமிஸ் 2 நிலவுப் பயணத்துக்கு வகுத்த பாதையும் இதுவே.

கிளைச்சொற்களும் சிரமமின்றி வருகின்றன. பெயராகத் தனித்து நிற்க ‘தான்மீள்வு’. எதிர்மறைக்குத் ‘தான்மீளாப் பாதை’. ‘மீளா’ என்பதில் ‘மீளாத் துயில்’ என்ற சாவின் நிழல் இருக்கிறதே என்று சிலர் தயங்கலாம். எனக்கு அந்த நிழல் சரியாகவே படுகிறது. எஞ்சின் இயங்காவிட்டால் அந்தப் பாதையில் நேரப்போவது அதுதான்.

தீராமல் இருப்பது ஒன்று. தான்மீள் பாதையில் தொடங்கி வழியில் அதைவிட்டு விலகும், அப்பல்லோ 12-லிருந்து பின்பற்றிய முறையை ஆங்கிலத்தில் ‘ஹைப்ரிட்’ என்கிறார்கள். ‘கலப்புப் பாதை’ என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் கலந்திருப்பதுபோல் ஒலிக்கிறது. உண்மையில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது. ‘மாற்றுப் பாதை’ சாலைப் பணிக்காரர்களுக்குப் போய்விட்டது. ‘இருகட்டப் பாதை’ என்று நினைத்தேன், ஆனால் ‘கட்டம்’ ராக்கெட் கட்டத்தோடு குழம்பும். இயக்கவியல் கற்பிக்கும் உறுப்பினர்கள் இதற்கு ஒரு சொல் தந்தால், இரண்டையும் சேர்த்தே நம் கலைச்சொல் அட்டவணையில் பதிந்துவிடலாம்.