பலகைத் தரையில் தாம் பலகைக் கட்டங்கள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (நானுஓயா)
வணக்கம். எங்கள் பழைய வீட்டு முன்னறையின் பலகைத் தரை 14 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்டது. பல ஆண்டுகளாக மெழுகு பொலிஷ் போட்டுத் தேய்த்துவந்த அத்தரையில், ஓர் அடிக் கட்டங்களைக் கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்ட விரும்புகிறோம். அளந்து பார்த்தபோது நீளச் சுவர்களில் ஒன்று மற்றதைவிட இரண்டு அங்குலம் குறைவாக இருக்கிறது. ஒரு மூலையிலிருந்தே கட்டம் போட்டுக்கொண்டு போகலாமா?

பதில் 1 (ஹப்புத்தளை)
மூலையிலிருந்து தொடங்கினால் கோணல் முழுவதும் எதிர்ச்சுவரில் வந்து நிற்கும். எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளை இணைத்து ஒரு நூல் அடியுங்கள். அதன் நடுவில் 3, 4, 5 அடி முக்கோணத்தால் மூலைமட்டம் பார்த்து இரண்டாவது நூலை அடித்து, அங்கிருந்து வெளிப்புறமாகக் கட்டங்களை அளந்து சென்றால், குறை இரு ஓரங்களுக்கும் பிரிந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். கட்டங்களை மூலைவாட்டாகத் திருப்பினால் இன்னும் நன்றாக மறையும்.

பதில் 2 (நுவரெலியா)
பெயின்ட் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூலைவாட்டாகத் திருப்பினால் எல்லாக் கோடுகளும் பலகை இடுக்குகளைக் குறுக்கே கடக்கும், நிறம் கசிவதும் அங்கேதான். நான் நேராகவே போடுவேன்.

கோணலைவிடப் பெரிய தொல்லை மெழுகு. அது சிறிதளவு எஞ்சினாலும் பெயின்ட் உரிந்துவரும் என்பதால், டர்பன்டைனில் நனைத்த துணியை அடிக்கடி மாற்றித் துடைத்து, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளிகள் உருண்டு நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது. அது போன பிறகு 80ஆம் இலக்க உப்புத்தாளாலும் பின்னர் 120ஆலும் தேய்க்கலாம். அடியில் பழைய பெயின்ட் தென்பட்டால் அதில் ஈயம் இருக்கக்கூடும்; உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

பிரைமருக்கு (அடிப்பூச்சு) மேல் தரை முழுவதும் வெள்ளை இரண்டு பூச்சு கொடுத்து நன்கு காயவிடுங்கள். கட்டக் கோடுகளில் டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் அதே வெள்ளையை மெல்லிதாகத் தடவினால் கசியும் வழி அடைபடும். பிறகு கறுப்பைப் பூசி, கடைசிப் பூச்சு இறுகுமுன் டேப்பை உரியுங்கள். மேலே காப்புப் பூச்சுக்கு எண்ணெய் வார்னிஷ் வேண்டாம், அது வெள்ளையை மஞ்சளாக்கும். தண்ணீரில் கரையும் பொலியூரிதேன் வார்னிஷே நல்லது. நம் ஊர் மூடுபனியில் டப்பாவில் போட்டிருக்கும் உலர்நேரத்தை நம்ப வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வெயில் நாட்களுக்குக் காத்திருப்பதே நல்லது.

கேட்டவர்
மிக்க நன்றி ஐயா. நேராகவே போடுகிறோம். இடுக்குகளைப் புட்டி வைத்து அடைத்துவிடலாமா?

பதில் 2
வேண்டாம். மழைக்காலத்தில் பலகை உப்பும், வெயிலில் சுருங்கும். இறுகிய புட்டி வெடித்துப் பெயின்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். இடுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். கறுப்பைத் தூரிகையில் குறைவாக எடுத்தால் போதும்.