அஸ்வெசும ஆளைச் சோம்பேறியாக்குகிறதா? திருகோணமலையில் ஒரு வாக்குவாதம்

மடத்தடி ஹாட்வெயார்
கடைக்கு ஆள் தேடிக் களைத்துவிட்டேன். சீமெந்து மூட்டை இறக்க வேண்டும், கம்பி வெட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. போன கிழமை வந்தவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பதிய அடையாள அட்டையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "அண்ணை, பேரைப் பதியாதேங்கோ, நாட்கூலியாகக் கையில் தாங்கோ. அஸ்வெசும வெட்டுப்பட்டுப் போகும்" என்கிறார். அரசு வறிய குடும்பங்களுக்குத் தருகிற மாதக் கொடுப்பனவைத்தான் சொல்கிறார். அவருக்கு முதல் வந்தவரும் இதே கதைதான். நான் 12 வீதம் போடுகிறேன், ஈ.ரி.எஃப்.க்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) இன்னொரு 3 வீதம். அந்தக் காசை வேண்டாம் என்கிற மனிதரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

முதலில் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023 யூலையிலிருந்து அஸ்வெசும. பேர்தான் மாறுகிறது. தகப்பன் சமுர்த்தி எடுத்த வீட்டில் இன்று மகன் அஸ்வெசும எடுக்கிறான். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

தம்பலகாமம் வயல்காரன்
அண்ணை சொல்வது நூற்றுக்கு நூறு சரி. களை பிடுங்க ஆளில்லை. கேட்டால் "இண்டைக்கு பாங்குக்குப் போகோணும்" என்கிறார்கள்.

கிண்ணியா ரீச்சர்
ஹாட்வெயார் அண்ணா, முதலில் தொகையைப் பாருங்கள். மிக வறிய குடும்பத்துக்கு 17,500, வறிய குடும்பத்துக்கு 10,000. அதுவும் 2025 ஜனவரியில் கூட்டிய பிறகு. அதற்கு முதல் 15,000, 8,500. அரசாங்கத்தின் வறுமைக் கோடே ஒரு ஆளுக்கு மாதம் 16,000 ரூபாவைத் தாண்டி நிற்கிறது. அதாவது ஒரு ஆள் உயிர் வாழத் தேவை என்று அரசே சொல்கிற தொகையை ஒரு முழுக் குடும்பத்துக்குக் கொடுக்கிறது. மேசனுக்குக் கையுதவி போனால் ஒரு கிழமையில் இதை உழைத்துவிடலாம். இதை நம்பி ஒருவர் மாதம் முழுக்கப் படுத்திருப்பாரா?

மடத்தடி ஹாட்வெயார்
படுத்திருக்கிறார் என்று நான் எங்கே சொன்னேன் ரீச்சர்? உழைக்கிறார், ஒளித்து உழைக்கிறார். அதுதான் என் பிரச்சினை. தொகை சின்னது என்றால் அதற்காக ஏன் இவ்வளவு பயம்?

சம்பூர் மகள்
பயம் ஏன் என்று நான் சொல்கிறேன். கூலி இன்றைக்கு வரும், மழை பெய்தால் நாளைக்கு வராது. இது மாதாமாதம் வரும். பார்மசிக் கடனை இதை நம்பித்தான் ஏற்றுகிறோம்.

என் அம்மாவுக்குச் சீனியும் பிரஷரும். கிளினிக் நாளில் இருட்டோடு பஸ் ஏறுவோம். கொப்பியைக் கொடுத்து நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, டொக்டரைப் பார்த்து வரப் பகல் ஆகிவிடும். நான் கூடப் போவதால் என் தையல் கூலி அன்றைக்கு இல்லை. மருந்து கொடுக்கிற இடத்தில் இரண்டு குளிசை இருக்கிறது, மூன்றாவது இல்லை, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு. எங்கள் ஊர்ப் பார்மசியில் யாரும் முழுக் காட் வாங்குவதில்லை. "பத்துக் குளிசை வெட்டித் தாங்கோ" என்பார்கள். கத்தரிக்கோல் அந்த மேசையிலேயே கிடக்கும். பத்து முடிந்தால் அடுத்த பத்து எப்போது என்று தெரியாது, அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிற சனமும் இருக்கிறது. பிறகு பாரிசவாதம் வந்து வாட்டில் படுத்தால் அந்தச் செலவை யார் பார்ப்பது?

பாலையூற்றுப் பென்சன்காரர்
பிள்ளை, உங்கள் கஷ்டம் விளங்குகிறது. ஆனால் இந்த நாட்டில் அரச ஆஸ்பத்திரியில் கட்டணம் எடுபட்டது 1951இல். இருதய சத்திரசிகிச்சை வரை இலவசம். அப்படியிருக்க சனம் தடிமனுக்கும் சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி நேரம் பதிந்து, டொக்டரைப் பார்க்கப் போகிறது. காலையில் வாட்டில் சும்மா பார்க்கிற அதே டொக்டரைப் பின்னேரம் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். கையில் பெரிய போன், பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக், பிறகு மருந்துக்குக் காசில்லை என்று ஒப்பாரி. செலவு கூடியதற்குப் பாதிக் காரணம் நாங்கள்தான்.

கிண்ணியா ரீச்சர்
தடிமனுக்குச் சனல் பண்ணுகிறவர் அஸ்வெசும எடுக்கிறவர் இல்லை ஐயா, அது வேறு சனம். ஏழை தனியாருக்குப் போவது ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும்தான். அரசில் திகதி தள்ளிப்போகிறது, நோய் தள்ளிப்போகாது.

இலவசம் இலவசம் என்கிறோம், ஆனால் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு சனத்தின் சொந்தப் பையிலிருந்துதான் போகிறது. 2022இல் நடந்ததை மறந்துவிட்டோமா? 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதத்தில் 360க்குப் போனது. மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. அந்த ஏப்ரல் கடைசியில் 60 வகை மருந்துகளின் உச்ச விலையை ஒரே வர்த்தமானியில் 40 வீதம் கூட்டினார்கள். கூலி அதே வேகத்தில் கூடியதா?

அத்தோடு, உங்களுக்கு அரச ஊழியருக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. மீன்பிடிக்கப் போகிறவருக்கு என்ன இருக்கிறது?

பாலையூற்றுப் பென்சன்காரர்
அக்ரஹாரவுக்கு என் சம்பளத்தில் வெட்டினார்கள் ரீச்சர். சும்மா தரவில்லை.

கணக்கெடுத்த பெடியன்
நான் அஸ்வெசும கணக்கெடுப்பில் வேலை செய்தவன். இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காததைச் சொல்லப் போகிறேன்.

யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க 22 சுட்டிகள், அதை ஆறு பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள்: கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு. ஒளிக்கிற சனத்தைக் கண்ணால் கண்டேன். ஒரு ஒழுங்கையில் நாங்கள் நுழையும்போது ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்து வீட்டுக்கு உருண்டு போனது. அடுத்த வீட்டுக்குப் போனால் அங்கே இரண்டு நிற்கிறது, இரண்டுமே தன்னுடையது இல்லை என்கிறார் அந்த அம்மா. சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதே ஒழுங்கையில் இன்னொரு வீடு. பெண்பிள்ளைக்கு இன்சுலின். அதை வைக்கத்தான் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கியிருந்தார்கள், உள்ளே இன்சுலினும் தண்ணீர்ப் போத்தலும்தான். ஃபிரிட்ஜ் ஓடினால் கரண்ட் பில் கூடும், கரண்ட் பாவனை ஒரு சுட்டி. நாட்பட்ட நோய்க்கும் ஒரு சுட்டி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கை கொடுப்பதை மற்றக் கை இழுக்கிறது. அந்தத் தகப்பன் என்னிடம் கேட்டார்: "தம்பி, ஃபிரிட்ஜை வித்துப்போட்டு முந்தின மாதிரி மண்பானைக்குள் வைக்கட்டோ?"

தம்பலகாமம் வயல்காரன்
இதெல்லாம் ஒன்றிரண்டு கேஸ். பொதுவாகச் சனம் கெட்டுப்போய்விட்டது.

சம்பூர் மகள்
வயல்கார அண்ணை, ஹெக்டயருக்கு 25,000 உர மானியம் எடுத்தபோது நீங்கள் கெட்டுப்போகவில்லையா?

தம்பலகாமம் வயல்காரன்
அது நெல்லுக்கு. எனக்கில்லை.

கணக்கெடுத்த பெடியன்
நல்ல பதில் 😀

மடத்தடி ஹாட்வெயார்
சரி, பகிடி போதும். அந்த ஆளை இன்று திரும்பக் கூப்பிட்டு விசாரித்தேன். மனைவிக்குச் சிறுநீரகம் பழுது, கிழமையில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிக்கொண்டு போகிறார். சிகிச்சை இலவசம், ஓட்டோ இலவசமில்லை. மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரீச்சர், கிழமையில் இரண்டு நாள் வராத ஆளை வைத்து நான் எப்படி லொறி இறக்குவது? என் கடைக்கும் கடன் இருக்கிறது. பதியாமல் வைத்திருந்து தொழில் திணைக்களத்தில் பிடிபட்டால் தண்டம் கட்டுவது நான்.

கிண்ணியா ரீச்சர்
அப்போது நீங்கள் கண்டது சோம்பேறியை அல்ல, நோயாளி வீட்டுக்காரரை. நான் கேட்பது இதுதான் அண்ணா: பதிந்த வேலை கிடைத்த உடனே கொடுப்பனவு போய்விடும் என்ற பயத்தை எடுத்துவிடட்டும். வேலை நிலைத்து நிற்கும்வரை ஒன்றிரண்டு வருடம் கொடுத்து, கொஞ்சங் கொஞ்சமாகக் குறைக்கட்டும். அவரும் பேரைப் பதிவார், உங்களுக்கும் தலையிடி இல்லை.

பாலையூற்றுப் பென்சன்காரர்
யார் காசில்?

கிண்ணியா ரீச்சர்
எல்லாருடைய காசிலும்தான் ஐயா. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். அந்த மனிதரும் சோப்பு வாங்கும்போது கட்டுகிறார்.

பாலையூற்றுப் பென்சன்காரர்
ஒன்றிரண்டு வருடம் என்று தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் போனதுதான் சமுர்த்தி. அதை நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்து பார்த்தவன், ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் ஹாட்வெயார் தம்பி, அவரிடம் இதைச் சொல்லுங்கள். குறைந்த வருமானமுள்ள சிறுநீரக நோயாளிக்குத் தனியாக 10,000 கொடுப்பனவு இருக்கிறது. எடுக்கிறாரா என்று கேளுங்கள், கன பேர் விண்ணப்பிப்பதே இல்லை. மருத்துவ உதவி தருகிற ஜனாதிபதி நிதியத்துக்கும் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, 2025இலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். டொக்டரின் கடிதம், கிளினிக் கொப்பிப் பிரதி எல்லாம் முதலே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இன்னும் நாலு தரம் அலைய விடுவார்கள்.

மடத்தடி ஹாட்வெயார்
சொல்கிறேன் ஐயா. போட்டோக்கொப்பி என் கடையிலேயே எடுக்கலாம், காசு வேண்டாம். ஆனால் பேர் பதியாமல் வேலைக்கு எடுக்கமாட்டேன், அதில் மாற்றமில்லை. கிழமையில் நாலு நாள் கணக்கில் பதிந்து எடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று கணக்காளரிடம் கேட்டிருக்கிறேன்.

சம்பூர் மகள்
அப்படி இருந்தால் இங்கேயே எழுதுங்கோ அண்ணை. எங்கள் ஒழுங்கையிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.